சிட்னிக்குப் போன வராகன்

முதல் நாள், புதன்: மாடு இறங்கிய முனை

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி மாட்டுத் தரகர். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம் தோள் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். பக்கத்தில் நிற்கும் எனக்குக்கூட எவ்வளவு என்று தெரியாது.

போன வருடம் சித்தி மகள் சிட்னியிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் பக்கத்தை அனுப்பியிருந்தாள். இருநூறு வருடத்துக்கு முந்தையது. பக்கம் முழுக்க விளம்பரம். காணாமல்போன பசு, விற்பனைக்கு வந்த கப்பல் சரக்கு, ஏலத்துக்கு வரும் வீடு. அப்புச்சி துண்டுக்குள் மறைத்துப் பேசியதையெல்லாம் அந்த ஊரில் அச்சடித்து ஊருக்கே சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். பணமே சரியாக இல்லாத ஒரு கைதிகளின் குடியேற்றத்தில் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்? அதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

காலையில் விமானம் இறங்கி, வென்ட்வொர்த்வில்லில் தங்கை வீட்டில் இரண்டு மணிநேரம் தூங்கிவிட்டு, மதியமே ரயில் ஏறிச் சர்குலர் கீ வந்துவிட்டேன். ஓபரா ஹவுஸ் முன்னால் எல்லாரும் அந்த வெள்ளைக் கூரையை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மண்ணின் பூர்வகுடிகளான கடிகல் மக்கள் துபவ்குலே என்று அழைத்த இந்த முனைக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் வைத்த பெயர் மாட்டு முனை. 1788இல் முதல் கப்பல் தொகுதியில் வந்த ஆடுமாடுகளைக் கரையிறக்கியது இங்கேதான்.

அந்தப் பதினொரு கப்பல்களும் 1787 மே 13இல் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பின. அக்டோபரில் கேப் டவுனில் ஒரு மாதம் நின்றன. கால்நடைகளை வாங்கி ஏற்றியது அங்கே. 1788 மே மாதம் ஆளுநர் ஆர்தர் பிலிப் எடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது: பொலிகுதிரை 1, பெட்டைக் குதிரை 3, குட்டிக் குதிரை 3, காளை 2, பசு 5, செம்மறி 29, வெள்ளாடு 19, பன்றி குட்டிகளோடு 74. வாத்து, வான்கோழி, கோழி தனி. ஐந்து முயல்களைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் மேல் வந்திறங்கிய ஊருக்குப் பசு ஐந்துதான். எங்கள் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கட்டுத்தறியில் நிற்கும் அளவு.

அதையும் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருடமே, மேய்ப்பவர் அசந்த நேரத்தில், இரண்டு காளையும் நாலு பசுவும் காட்டுக்குள் போய்விட்டன. தேடித்தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். ஒரு மாடு தொலைந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள். ஊரின் மாடுகள் ஏறக்குறைய எல்லாமே தொலைந்த அந்த இரவை, படகுத்துறைப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாடுகள் எங்கே போயின என்பதை ஐந்தாம் நாள் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், வியாழன்: அச்சுக்கூடம்

பிரிட்ஜ் தெருவில் சிட்னி அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் ஆளுநர் மாளிகை இருந்த இடத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். தரையில் பதித்த கண்ணாடி வழியாகப் பழைய அடித்தளத்துச் செங்கல் தெரிகிறது.

அந்த மாளிகைக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையில்தான் 1803 மார்ச் 5, சனிக்கிழமை, 'சிட்னி கெசட் அண்ட் நியூ சவுத் வேல்ஸ் அட்வர்டைசர்' முதல் இதழ் அச்சானது. இந்தக் கண்டத்தின் முதல் செய்தித்தாள். பெயரிலேயே விளம்பரம் இருக்கிறது, கவனியுங்கள். அச்சிட்டவர் ஜார்ஜ் ஹோவ், கடையில் திருடிய வழக்கில் நாடுகடத்தப்பட்ட கைதி. மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து அச்சுத்தொழில் கற்றவர். முதல் கப்பல்களில் வந்த சிறிய மர அச்சு இயந்திரம் ஒன்று, தேய்ந்த எழுத்துகள் கொஞ்சம், இவ்வளவுதான் அவர் கையில். ஆளுநர் தரப்பு பார்த்து ஒப்புதல் தராமல் எதுவும் அச்சேறாது. காகிதம் எப்போதும் தட்டுப்பாடு. சந்தாக்காரர்களிடமே காகிதம் கேட்டு எழுதுவார். 1807இலும் 1808இலும் மாதக்கணக்கில் இதழே வரவில்லை. சந்தாவுக்குத் தானியம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து, போனில் ட்ரோவ் தளத்தைத் திறந்தேன். ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் அந்தப் பழைய இதழ்களையெல்லாம் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. அச்சான இடத்திலேயே உட்கார்ந்து படிப்பது வேறு மாதிரிதான் இருக்கிறது. இரண்டு மணிநேரம் போனதே தெரியவில்லை.

கப்பல் வந்தால் சரக்குப் பட்டியல் வரும். தேயிலை, சர்க்கரை, துணி, சோப்பு, புகையிலை, செருப்பு. அதில் பாதி இந்தியச் சரக்கு. மாடு காணோம் என்றால் நிறம், கொம்பு, காதில் வெட்டு, உடம்பில் போட்ட சூட்டுக்குறி எல்லாம் எழுதி, கண்டுபிடித்துத் தருபவருக்கு வெகுமதி. இந்தப் பகுதியைப் படிக்கும்போது அப்புச்சியின் குரலே காதில் கேட்டது. மாட்டை வார்த்தையால் வரைந்துகாட்டுவது ஒரு தனிக் கலை. எங்கள் பக்கத்தில் அந்நிய வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்துக்குப் 'பவுண்டு' என்று பெயர். "மாட்டைப் பவுண்டுல அடைச்சிட்டாங்க" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த அதே சொல்லை இங்கே பழைய இதழ்களிலும் பார்க்கலாம்.

இரண்டு வகை அறிவிப்புகள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, ஊரைவிட்டுக் கிளம்புபவர்கள் கொடுப்பது. இன்ன கப்பலில் போகிறேன், எனக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அச்சிட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். கடன் சீட்டில் ஓடிய ஊர் அல்லவா, ஒருவர் சொல்லாமல் கப்பலேறினால் பத்துப் பேர் கையில் இருப்பது வெறும் காகிதம். இன்னொன்று, கணவன்மார் கொடுப்பது. என் மனைவிக்கு யாரும் கடன் தர வேண்டாம், நான் பொறுப்பில்லை என்று பெயரைப் போட்டு எழுதியிருப்பார்கள். அந்தப் பெண்கள் பதிலுக்கு விளம்பரம் கொடுக்கக் காசு வைத்திருந்தார்களா, அவர்கள் பக்கத்து நியாயம் என்ன என்பது பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. மனசு கஷ்டமாகிவிட்டது.

அதற்கு ஆறுதலாக மேரி ரெய்பி. சிறுமியாக இருக்கும்போது பையன் வேடத்தில் குதிரை திருடிய குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு 1792இல் இங்கே வந்தவர். கல்யாணம் செய்து, கணவர் இறந்த பிறகு ஏழு குழந்தைகளோடு கப்பல், கிடங்கு, கடை எல்லாவற்றையும் தானே நடத்தினார். 1817 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் வங்கி, இந்த நாட்டின் முதல் வங்கி, திறக்கப்பட்டது மெக்குவாரி பிளேஸில் அவருக்குச் சொந்தமான வீட்டில். அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். வரும் வழியில் காபிக்கு 20 டாலர் நோட்டு கொடுத்தேன். அதில் இருப்பது அவர் முகம். கடைக்காரப் பெண்ணிடம் சொல்லவேண்டும்போல இருந்தது, பின்னால் வரிசை நின்றதால் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி: ஓட்டைக் காசு

காலையிலிருந்து மழை. தி ராக்ஸ் பகுதியில் கேம்ப்பெல் கிடங்குகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். பதினொரு முகப்புகள் வரிசையாக, மணற்கல் கட்டடம். கட்ட ஆரம்பித்தது 1839இல். இப்போது உள்ளே உணவகங்கள்.

ராபர்ட் கேம்ப்பெல் கல்கத்தாவிலிருந்து வந்த வணிகர். அவர் குடும்பத்து நிறுவனம் முதலில் அனுப்பிய கப்பலுக்கு 'சிட்னி கோவ்' என்றே பெயர் வைத்தார்கள். ரம், சர்க்கரை, அரிசி என்று ஏற்றிக்கொண்டு வந்த அது, 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு சிறு தீவில் தரைதட்டியது. உதவி கேட்டுப் படகில் கிளம்பிய 17 பேர் மறுபடியும் கரையொதுங்கி, கடற்கரையோரமாகவே நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்து லஸ்கர் மாலுமிகள். மூன்று பேர் மட்டும் பிழைத்துச் சிட்னி அருகே வந்து சேர்ந்தார்கள். சரக்கு விற்கும் ஆசையில் கிளம்பிய கப்பலுக்காக நம் பக்கத்து மாலுமிகள் பெயர்கூடப் பதியப்படாமல் அந்த மணலில் செத்துப்போனார்கள். கேம்ப்பெல் அடுத்த வருடம் தானே வந்தார், இடம் வாங்கினார், துறை கட்டினார். வங்காளத்து மாடுகளைக்கூடக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்றார். திமிலுள்ள நம் மாடு சிட்னித் துறையில் இறங்கி நடந்ததை நினைத்துப்பார்க்கிறேன்.

சரி, எதைக் கொடுத்து வாங்கினார்கள்? இங்கிலாந்து அரசு இந்தக் குடியேற்றத்துக்குச் சிப்பாயை அனுப்பியது, கைதியை அனுப்பியது, நாணயத்தை அனுப்பவில்லை. கைதிகளின் ஊருக்குக் காசு எதற்கு என்ற நினைப்பு. அரசுக் கிடங்கில் கோதுமையோ இறைச்சியோ போட்டால் ஒரு சீட்டு தருவார்கள், அது காசுபோலக் கைமாறும். தனியாட்கள் எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள் ஓடின. இவற்றோடு ரம். 1792இல் ஆளுநர் பிலிப் ஊர் திரும்பியதும் ராணுவ அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்து, வரும் கப்பல் சரக்கை மொத்தமாக வாங்கி, மடங்கு வைத்து விற்றார்கள். வேலைக்குக் கூலியாகச் சாராயம் கொடுக்கும் பழக்கம் ஊன்றியது அப்போதுதான். குடியானவன் ஒரு வருடப் பாடுபட்ட கோதுமை ஒரு பீப்பாய் ரம்மில் கரைந்துபோகும். எனக்கு இதை நிதானமாக எழுத முடியவில்லை. கூலியைச் சாராயமாகக் கொடுத்தவன் திருடனுக்கும் மேல்.

மழை விட்டதும் மெக்குவாரி தெருவுக்கு நடந்தேன். நாடாளுமன்றக் கட்டடமும் பழைய நாணயச்சாலையும் ஒரே மருத்துவமனையின் இரண்டு சிறகுகள். அந்த மருத்துவமனையைக் கட்டித் தர மூன்று பேர் ஒப்பந்தம் போட்டார்கள். கூலி பணமாக இல்லை. மூன்று வருடத்தில் 45,000 காலன், அதாவது இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல், ரம் இறக்குமதி செய்துகொள்ளும் உரிமை. இன்றும் ஊர்க்காரர்கள் அதை ரம் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்.

காசே இல்லை என்றும் சொல்ல முடியாது. துறைமுகம் என்பதால் பல நாட்டுக் காசு வந்து விழுந்தது. அதனால் 1800 நவம்பரில் ஆளுநர் கிங் ஒரு பட்டியல் போட்டார், எந்த நாட்டுக் காசுக்கு இங்கே என்ன மதிப்பு என்று. ஸ்பானிய டாலர் 5 ஷில்லிங். ரூபாய் இரண்டரை ஷில்லிங். இந்தியப் பொன் காசான மொகர் 37 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). பட்டியலில் 'பகோடா' என்று ஒன்று இருக்கிறது, 8 ஷில்லிங். அது வேறொன்றும் இல்லை, வராகன்! சென்னப்பட்டணத்தில் புழங்கிய பொன் வராகன். அப்புச்சியின் அப்பா காலத்துக் கதைகளில் மட்டும் நான் கேட்ட காசு. சிட்னியில் கோதுமைக்கும் துணிக்கும் அது செல்லுபடியாகியிருக்கிறது. வெளியூர்க் காசு ஊரைவிட்டு ஓடிவிடாமல் இருக்க, வேண்டுமென்றே மதிப்பைக் கூட்டி வைத்தார்கள். ஒரு பென்னிச் செப்புக் காசுக்கு இங்கே இரண்டு பென்னி.

அப்படியும் கப்பல்காரர்கள் நல்ல காசையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்னால் வந்த ஆளுநர் மெக்குவாரி செய்த வைத்தியத்தைப் பார்க்கத்தான் மாநில நூலகத்துக்குப் போனேன். பழைய நாணயங்களைச் சேர்த்துவைத்த ஒருவரின் தொகுப்பு அங்கே இருக்கிறது.

1812 நவம்பரில் 'சமராங்' என்ற கப்பல் இங்கே வந்தது. அதில் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய 40,000 ஸ்பானிய டாலர்கள். வந்தது எங்கிருந்து? மெட்ராஸிலிருந்து. ஸ்பானிய ஆட்சியில் அமெரிக்க நாடுகளில் வெட்டியெடுத்த வெள்ளி, நம் கடற்கரைக்கு வந்து, மறுபடி கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. மெக்குவாரி கள்ளக்காசு வழக்கில் நாடுகடத்தப்பட்ட வில்லியம் ஹென்ஷால் என்பவரைப் பிடித்தார். ஒவ்வொரு டாலரின் நடுவிலும் ஓட்டை போடச் சொன்னார். வெளி வளையத்துக்கு 5 ஷில்லிங், நடுவிலிருந்து விழுந்த வில்லைக்கு 15 பென்ஸ். 5 ஷில்லிங் டாலர் இப்போது 6 ஷில்லிங் 3 பென்ஸ். ஓட்டைக் காசை வெளியூரில் யாரும் முழு மதிப்புக்கு வாங்க மாட்டார்கள், ஆகவே அது ஊரைவிட்டுப் போகாது. ஹென்ஷால் ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு 39,910 டாலர்களை வெட்டினார். 1813 என்று முத்திரை இருந்தாலும் புழக்கத்துக்கு வந்தது 1814இல்.

அச்சில் தன் பெயரின் முதல் எழுத்தான 'எச்'சைச் சின்னதாக ஓர் ஓரத்தில் செதுக்கிவிட்டார் ஹென்ஷால். கள்ளக்காசு அடித்தவர் கடைசியில் நல்ல காசில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வளையத்துக்குள் ஸ்பானிய அரசரின் தலை நடுவில் காணாமல் போயிருக்கிறது, ஓரத்து எழுத்துகள் மட்டும் மிச்சம். மெட்ராஸ் துறையில் எந்தக் கூலியாள் இந்த மூட்டையைத் தலையில் வைத்துப் படகில் ஏற்றினாரோ. எனக்குக் கண் கலங்கியது.

நான்காம் நாள், சனி: பரமட்டா

தங்கை மகனுக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை, "நானும் வரேன் பெரியம்மா" என்று ஒட்டிக்கொண்டான். வென்ட்வொர்த்வில்லிலிருந்து பரமட்டா பக்கத்து ஊர், ரயிலில் சில நிமிடம். ஆனால் நாங்கள் சிட்னி வரை போய், அங்கிருந்து படகில் ஆற்று வழியாகத் திரும்பி வந்தோம். அந்தக் காலத்துச் சரக்கு இந்த வழியாகத்தானே போனது. 1789இல் இங்கே கட்டிய முதல் கப்பலே சிட்னிக்கும் பரமட்டாவுக்கும் இடையில் சாமான் ஏற்றத்தான். ஆறு போகப்போகக் குறுகி, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வந்துவிடுகின்றன. நீர் வற்றியிருந்ததால் கடைசி வரை படகு போகவில்லை, ரைடல்மியரில் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். பையனுக்கு ஏமாற்றம்.

பரமட்டா நகர மண்டபம் இருக்கும் இடம் பழைய சந்தைத் திடல். 1813இல் மெக்குவாரி இங்கே வருடத்துக்கு இரண்டு முறை கூடும் கால்நடைச் சந்தையைத் தொடங்கிவைத்தார். இன்று சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். மத்தியான வெயிலில் பிள்ளைகள் நீர்த்தாரைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாணி வாசனை இல்லாத சந்தைத் திடலில் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடி ஆள் சத்தத்தை மட்டும் கேட்டேன். தமிழும் காதில் விழுந்தது, இந்த ஊரில் அது ஆச்சரியம் இல்லை.

அங்கிருந்து எலிசபெத் பண்ணை. 1793இல் கட்டிய வீடு. உள்ளே எதையும் தொடலாம், நாற்காலியில் உட்காரலாம். பையன் எழுதுமேசையில் உட்கார்ந்து இறகுப்பேனாவைப் பிடித்துப் பார்த்தான்.

ஜான் மெக்கார்தர் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த ராணுவ வியாபாரக் கூட்டத்தில் ஒருவர். 1797இல் கேப்பிலிருந்து இரண்டு கப்பல் தலைவர்கள் வாங்கிவந்த, கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடுகளில் சிலவற்றை வாங்கினார். வழக்கு விவகாரமாக இங்கிலாந்து போனவர், 1804 ஆகஸ்டில் அரசரின் மந்தை ஏலத்துக்கு வந்தபோது அதிலும் சில மெரினோக்களை ஏலம் எடுத்து, கப்பலில் ஏற்றிக்கொண்டு 1805இல் வந்து சேர்ந்தார். கையில் 5,000 ஏக்கர் நிலத்துக்கான உத்தரவும் இருந்தது. 1808இல் ஆளுநர் பிளையைப் பதவியிறக்கிய கலகத்தில் முன்னே நின்றதால் 1809 முதல் 1817 வரை திரும்பி வர முடியவில்லை. அந்த எட்டு வருடமும் இந்த வீட்டிலிருந்து மந்தையைப் பெருக்கியது, கிடா தேர்ந்தது, ஆள் வைத்தது, கம்பளியை ஏற்றுமதி செய்தது எல்லாம் அவர் மனைவி எலிசபெத். ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை என்று ஜானைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மந்தையின் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் மாடு வாங்கியது அப்புச்சி, வளர்த்தது அம்மாயி.

ஐந்தாம் நாள், ஞாயிறு: தொலைந்த மாடுகள்

தங்கை காரை எடுத்தாள். தென்மேற்கே ஒரு மணிநேரம், நெப்பியன் ஆற்றங்கரை, மெனாங்கிள் பக்கம்.

முதல் நாள் சொன்ன மாடுகள் இங்கேதான் வந்திருக்கின்றன. ஏழு வருடம் கழித்து, 1795இல், ஆற்றுக்கு அப்பால் மாட்டுமந்தை இருக்கிறது என்று தகவல் வந்து, ஆளுநர் ஹண்டர் நேரில் வந்து பார்த்தார். ஆறு மாடு அறுபது மாடாகியிருந்தது. நல்ல புல், நல்ல தண்ணீர். எந்தக் கம்பெனியும் எந்த அதிகாரியும் சொல்லித் தராமல் அந்த மாடுகளே தேர்ந்தெடுத்த இடம். அந்த இடத்துக்கே மாட்டு மேய்ச்சல் நிலம் என்று பெயர் வந்துவிட்டது. 1803இல் ஆளுநர் கிங், அனுமதியில்லாமல் யாரும் ஆற்றைத் தாண்டக்கூடாது என்று ஆணை போட்டார். மெக்கார்தருக்குக் கிடைத்த நிலமும் இந்த மேய்ச்சலில்தான்.

இந்த மாடுகளை வெள்ளைக்காரர்களுக்கு முன்பே பார்த்தவர்கள் இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான தரவல் மக்கள். கேம்ப்பெல்டவுன் அருகே ஒரு பாறைக் குகையில் கரியால் பெரிய காளைகளை வரைந்திருக்கிறார்கள், கொம்பில்லாமல். யாரோ கிறுக்கிக் கெடுத்ததால் இப்போது கம்பி போட்டு மூடியிருக்கிறது. நாங்கள் அங்கே போகவில்லை.

வேலியோரம் கார் நிறுத்தினோம். கறுப்பு மாடுகள் வந்து எட்டிப் பார்த்தன. காதில் எண் போட்ட அட்டை. "இது என்ன விலை போகும் பெரியம்மா?" என்றான் பையன். நான் தங்கையின் துப்பட்டாவை வாங்கி, அவன் கையும் என் கையும் மறையும்படி போட்டேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, நூறா ஆயிரமா என்பதை முதலிலேயே வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று கற்றுக்கொடுத்தேன். அவன் என் மூன்று விரலைப் பிடித்தான். நான் ஐந்தையும் நீட்டினேன். சிரித்துக்கொண்டே இழுபறியாகி நாலில் முடிந்தது.

துப்பட்டாவை எடுக்கும்போது கேட்டான்: "அப்போ இந்த நிலத்துக்கு யார் விரலைப் பிடிச்சாங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள். ஐந்து நாளாக விளம்பரங்களில் மாடு, குதிரை, வீடு, கோதுமை, ரம் எல்லாவற்றின் விலையையும் தேடிக்கொண்டிருந்தேன், இதைக் கேட்கவில்லை. யார் விரலையும் பிடிக்கவில்லை என்றுதான் அவனிடம் சொன்னேன். ஆளுநர் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். 1835இல் தெற்கே, இன்றைய மெல்போர்ன் இருக்கும் இடத்தில், ஜான் பேட்மேன் என்பவர் அந்த மண்ணின் உருந்தெரி மக்களோடு ஒப்பந்தம் எழுதி, போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு கொடுத்து ஆறு லட்சம் ஏக்கர் வாங்கியதாகச் சொன்னார். அது நியாயமான வியாபாரம் என்று நான் சொல்லவே மாட்டேன். கைநாட்டு வைத்தவர்கள் அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பதே பெரிய கேள்வி. ஆனால் ஆளுநர் போர்க் அதை ரத்து செய்ததற்குக் காரணம் அது இல்லை. நிலம் அரசருடையது, அந்த மக்களுக்கு விற்கும் உரிமையே கிடையாது என்பதுதான். அந்த வருடம் ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது.

"அது சீட்டிங்" என்றான் பையன்.

அங்கிருந்து ஆப்பின். கேட்டராக்ட் அணைக்கட்டு அருகே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்துக்காகவும் சோளக்காட்டுக்காகவும் குடியேறியவர்களுக்கும் இந்த மண்ணின் மக்களுக்கும் நடந்த சண்டை முற்றிய 1816இல், மெக்குவாரி படையை அனுப்பினார். ஓட்டைக் காசு வெட்டிய, பரமட்டாவில் சந்தை கூட்டிய அதே மெக்குவாரி. ஏப்ரல் 17 விடியுமுன், நிலா வெளிச்சத்தில், கேப்டன் வாலிஸின் சிப்பாய்கள் இங்கே தங்கியிருந்த பூர்வகுடி மக்களைச் சுட்டார்கள், பள்ளத்தாக்கின் விளிம்பு வரை துரத்தினார்கள். குறைந்தது 14 பேர், பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. பாறையிலிருந்து விழுந்து இறந்தவர்கள் அதில் உண்டு.

கல்லின் அருகே யாரோ யூகலிப்டஸ் கிளை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இலை இன்னும் வாடவில்லை. பையன் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கார் நிற்கும் இடம் வரை விடவில்லை.